அடுத்த வளைவில் என்ன? தேடல் விளையாட்டுக்கு டைல் வரையும் கலை

கொடைக்கானல் மலைப்பாதையில் மேகம் இறங்கிவிட்டால் வண்டி ஓட்டுபவருக்குப் பத்தடிதான் உலகம். அந்தப் பத்தடி தீர்ந்தால் அடுத்த பத்தடி பிறக்கும். அது நேர்ச் சாலையா, கொண்டை ஊசி வளைவா, நடுவில் காட்டுமாடு நிற்கிறதா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஆனாலும் பழகிய ஓட்டுநர் குருட்டாம்போக்கில் போவதில்லை. தண்ணீர்ச் சத்தம் கேட்டால் பாலம் வருகிறது, தைல வாசம் அடித்தால் யூகலிப்டஸ் தோப்பை ஒட்டிப் போகிறோம் என்று ஊகித்துக்கொண்டே ஓட்டுகிறார். பாதி நேரம் ஊகம் சரியாக இருக்கும். மீதி நேரம் பிரேக் இருக்கிறது.

தேடல் வகை போர்டு கேம் என்பது இந்த அனுபவத்தை மேஜைமேல் கொண்டுவரும் வேலை.

தாயத்தில் கட்டத்தை முதலிலேயே வரைந்துவிடுகிறோம். பரமபதத்தில் எந்தப் பாம்பின் வாய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஆடுவதற்கு முன்பே தெரியும். தெரியாதது உருட்டினால் என்ன விழும் என்பது மட்டும். தேடல் விளையாட்டில் பலகையே கிடையாது. தொடங்கும்போது மேஜையில் ஒரே ஒரு அட்டைத் துண்டு இருக்கும். முறை வரும்போது ஒவ்வொருவரும் கவிழ்த்து வைத்ததிலிருந்து ஒரு துண்டை எடுத்து, ஏற்கெனவே கிடப்பதன் பக்கத்தில் ஒட்டி வைக்க வேண்டும். அந்தத் துண்டைத்தான் டைல் என்கிறார்கள். வீட்டுத் தரையில் பதிக்கும் டைல்ஸ் மாதிரி இடைவெளியில்லாமல் ஒன்றோடொன்று பொருந்துவதால் அந்தப் பெயர். ஆட்டம் முடியும்போதுதான் பலகை உருவாகியிருக்கும். அடுத்த ஆட்டத்தில் வேறொரு பலகை.

டைல் வைத்து ஆடும் விளையாட்டுகளில் பலருக்கும் தெரிந்தது கார்கசோன். பிரான்சில் உள்ள ஒரு கோட்டை நகரத்தின் பெயர் அது. 2000-ல் ஜெர்மனியில் வெளியானது. 72 சதுர டைல்கள், அவற்றின் பக்கங்களில் வயல், சாலை, நகரம். சாலையோடு சாலை, வயலோடு வயல் பொருந்தினால்தான் வைக்கலாம். 1995-ல் வந்த கேட்டானும் டைல் விளையாட்டுதான். 19 அறுகோண நிலங்கள், அதில் ஒன்றே ஒன்று பாலைவனம். (எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதைக் ‘காட்டான்’ என்றுதான் சொல்லும். தோற்கும்போது அவர்கள் ஆடுகிற ஆட்டத்துக்கு அதுதான் பொருத்தம்.) ஆனால் வழக்கமான கேட்டான் ஆட்டத்தில் நிலங்களை முதலிலேயே பரப்பிவிடுகிறோம். பலகை ஒவ்வொரு முறையும் மாறும், ஆனால் தேட எதுவும் இல்லை. 1999-ல் வந்த டிகால் முழுக்கத் தேடல் விளையாட்டு. குவாத்தமாலாக் காட்டுக்குள் மாயன் கோயில்களைத் தேடிப் போக வேண்டும். அதில் எனக்குப் பிடித்த ஒரு நுட்பம் இருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

போன மே மாத விடுமுறைக்கு அக்கா பிள்ளைகள் கொடைக்கானல் வந்திருந்தபோது இந்த ஊர் இருக்கும் பழனி மலைத்தொடரை வைத்து நாமே ஒரு விளையாட்டு செய்வோம் என்று தொடங்கினேன். பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவனுக்கு எட்டு. நான் செய்த தப்புகள் எல்லாம் ஆரம்பநிலைத் தப்புகள். அதனால் அவற்றை வைத்தே விளக்குவது எனக்குச் சுலபம்.

படம் நடுவில், வேலை விளிம்பில்

முதல் தப்பு: நான் படம் வரைந்தேன். ஏரி, தூண் பாறைகள், பூம்பாறையின் படிக்கட்டு வயல்கள், சோலை, பைன் காடு. ஒவ்வொரு டைலின் நடுவிலும் அழகான சின்ன ஓவியம். ஓரங்களை வெள்ளையாக விட்டுவிட்டேன். பரப்பிப் பார்த்தால் தபால்தலை ஆல்பம் மாதிரி இருந்தது. எதுவும் எதோடும் சேரவில்லை. எந்த டைலை எங்கே வைத்தாலும் ஒன்றுதான் என்றால் யோசிக்க என்ன இருக்கிறது?

டைலின் நடுப்பகுதி ‘இங்கே என்ன இருக்கிறது’ என்று சொல்கிறது. விளிம்போ ‘பக்கத்தில் என்ன இருக்கலாம்’ என்று சொல்கிறது. தேடல் விளையாட்டில் ஆடுபவரின் மனம் எப்போதும் பக்கத்து வெற்றிடத்தில்தான் இருக்கும். ஒரு பாதை விளிம்பை எட்டி அறுந்து நின்றால், அந்தப் பக்கம் வைக்கப்போகும் டைலிலும் பாதை இருக்க வேண்டும். ஓடை விளிம்பைத் தாண்டி ஓடினால் அந்தப் பக்கம் எங்கோ ஒரு அருவியோ குட்டையோ இருக்கலாம். மேகத்துக்குள் கேட்கும் தண்ணீர்ச் சத்தம் இதுதான். அதனால் வரையும்போது விளிம்பிலிருந்து உள்ளே வாருங்கள். முதலில் ஒவ்வொரு பக்கத்திலும் என்ன வெளியேறுகிறது என்று முடிவு செய்துவிட்டு, அப்புறம் நடுவில் படம் போடலாம்.

விளிம்புக்கு எத்தனை வகை வைப்பது? இங்கேதான் ஆசை கணக்கை மிஞ்சும். சதுர டைலில் நாலு பக்கம். ஒவ்வொரு பக்கமும் ‘பாதை உண்டு’ அல்லது ‘இல்லை’ என இரண்டே வகை என்றால், சுழற்றினால் ஒன்றாகிவிடுபவற்றை ஒன்றாக எண்ணும்போது மொத்தம் 6 விதமான டைல்கள்தான் வரும்: பாதையே இல்லாதது, முட்டுச்சந்து, நேர்ப்பாதை, வளைவு, முச்சந்தி, நாற்சந்தி. விளிம்பு மூன்று வகையானால் 24. நாலு வகையானால் 70. அறுகோணத்தில் இந்த எண்ணிக்கை துள்ளிக் குதிக்கிறது. இரண்டு வகைக்கு 14, மூன்று வகைக்கு 130, நாலு வகைக்கு 700.

நான் முதலில் நாலு வகை வைத்திருந்தேன்: பாதை, உள்ளே வரும் ஓடை, வெளியே போகும் ஓடை, வெறும் விளிம்பு. தண்ணீர் மேல்நோக்கி ஓடக்கூடாதே என்ற நேர்மையில் அம்புக்குறி எல்லாம் போட்டேன். 700 விதம் சாத்தியமுள்ள இடத்தில் கையில் இருப்பது இருபத்துச் சொச்சம் டைல். எடுத்த டைல் எங்கேயும் பொருந்தவில்லை என்பது ஒவ்வொரு முறையும் நடந்தது. சின்னவன் எடுத்த டைலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் படுத்தே விட்டான். ஆரம்பத்தில் இரண்டு வகை போதும், மிஞ்சினால் மூன்று.

எல்லா வகைகளையும் ஒன்றுவிடாமல் அடக்கிய அழகான விளையாட்டு ஒன்று உண்டு. சுரோ என்று பெயர். சதுர டைலின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு புள்ளிகள், ஆக எட்டு. இரண்டிரண்டாக அவற்றைக் கோடுகளால் இணைக்க எத்தனை வழி உண்டு, சுழற்றலைக் கழித்துவிட்டு? சரியாக 35. விளையாட்டிலும் 35 டைல்கள்தான், ஒன்றுகூடத் திரும்ப வராது.

இன்னொன்றும் முடிவு செய்ய வேண்டும். விளிம்பு பொருந்தியே ஆக வேண்டுமா, பொருந்தினால் நல்லது என்பது போதுமா? கார்கசோனில் பொருந்தியே ஆக வேண்டும். எடுத்த டைலுக்கு எங்குமே இடமில்லை என்றால் அதை ஒதுக்கிவிட்டு வேறு எடுக்கலாம். நான் பாதி பாதியாக வைத்துக்கொண்டேன். பாதை கண்டிப்பாகப் பொருந்த வேண்டும். ஓடை பொருந்தினால் ஒரு புள்ளி. பொருந்தாவிட்டால் பாறைக்கு அடியில் போய்விட்டது என்று விட்டுவிடுவோம். மலையில் அப்படிப் போகிற ஓடைகள் உண்டுதானே.

சதுரமா, அறுகோணமா?

ஒரே அளவுள்ள சீரான வடிவங்களைக் கொண்டு இடைவெளியில்லாமல் தரையை நிரப்ப மூன்றால்தான் முடியும்: சமபக்க முக்கோணம், சதுரம், அறுகோணம். ஐங்கோணத்தில் ஓட்டை விழும். முக்கோணத்தின் முனைகள் இரண்டு ஆட்டத்தில் மழுங்கிவிடும், அதை விட்டுவிடலாம். சதுரம் வெட்டச் சுலபம். ஆனால் சதுரத்துக்கு ஒரு தொல்லை உண்டு. மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும் டைல் பக்கத்து வீடா, இல்லையா? குறுக்கே போகலாமா? இதற்குத் தனியாக விதி எழுத வேண்டும், அதை யாராவது ஒருவர் எப்போதும் மறப்பார். அறுகோணத்தில் தொடுகிற எல்லா டைலும் ஒரு முழுப் பக்கத்தைப் பகிர்ந்துகொள்கிறது. வாதமே இல்லை.

மலைப்பாதைக்கு அறுகோணம் இன்னொரு விதத்திலும் பொருந்துகிறது. சதுரத்தில் இரண்டு வழி உள்ள டைல் ஒன்று நேராக இருக்கும், இல்லையென்றால் செங்கோணத்தில் திரும்பும். அறுகோணத்தில் மூன்று விதம் கிடைக்கிறது. எதிர்ப் பக்கத்துக்குப் போனால் நேர்ச் சாலை. ஒரு பக்கம் தள்ளிப் போனால் சாதாரண வளைவு. அடுத்தடுத்த இரண்டு பக்கங்களை இணைத்தால், அதுதான் கொண்டை ஊசி. வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறியவர்களுக்கு இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை வயிறே சொல்லும்.

அறுகோணம் வரைய ஜாமெட்ரி பாக்ஸில் உள்ள காம்பஸ் போதும். 3 சென்டிமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு, காம்பஸின் அகலத்தை மாற்றாமலே வட்டத்தின் மேல் அடி அடியாக வைத்துக்கொண்டு போனால் சரியாக ஆறாவது அடியில் தொடங்கிய இடத்துக்கு வந்துவிடும். புள்ளிகளை இணைத்தால் முனைக்கு முனை 6 சென்டிமீட்டர், பக்கத்துக்குப் பக்கம் ஏறக்குறைய 5.2 சென்டிமீட்டர் உள்ள டைல். பெரியவர்கள் விரலுக்கும் வசதியான அளவு இது.

ஏழாவது டைலில் அடைபட்ட மலை

விளிம்பு, வடிவம் எல்லாம் சரியாகி, 24 டைல்கள் வெட்டி, ஆட உட்கார்ந்தோம். தொடக்க டைல் பெருமாள்மலை. வத்தலக்குண்டு சாலையும் பழனிச் சாலையும் அங்கே சேர்ந்து கொடைக்கானலுக்கு ஏறுவதால் மூன்று வழி. ஏழாவது டைல் வைத்ததும் பெரியவள் சொன்னாள்: “மாமா, இதுக்கு மேல வழியே இல்ல.” எல்லாப் பாதைகளும் முட்டி நின்றுவிட்டன. கையில் இன்னும் 17 டைல். வைக்க இடமில்லை.

அதிர்ஷ்டம் சரியில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடி கலைத்து ஆடினால் பதினொன்றாவதில் அடைத்தது. அப்புறம்தான் பேனாவை எடுத்தேன். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் வரப்போகும் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

மேஜையில் முடிவடையாமல் நிற்கும் பாதை முனைகளைத் திறந்த வாய்கள் என்போம். ஒரு திறந்த வாயில் புதிய டைலை வைக்கும்போது இரண்டு வாய்கள் மூடுகின்றன: மேஜையில் இருந்த ஒன்று, அதோடு சேரும் புதிய டைலின் வாய் ஒன்று. அதனால் புதிய டைலில் எத்தனை வழி இருக்கிறதோ அதிலிருந்து 2-ஐக் கழித்தால் மேஜையில் வாய்கள் எவ்வளவு கூடின, குறைந்தன என்று தெரியும். முட்டுச்சந்துக்கு ஒரு வழிதான், ஆகவே ஒன்று குறையும். நேர்ப்பாதை, வளைவு இரண்டிலும் மாற்றமில்லை. முச்சந்தி ஒன்று கூட்டும், நாற்சந்தி இரண்டு கூட்டும்.

என் முதல் 24 டைல்களில் முட்டுச்சந்து 9, இரு வழி 11, முச்சந்தி 4. முட்டுச்சந்துகள் 9 வாயை அடைக்கும், முச்சந்திகள் 4 வாயைத் திறக்கும். ஆக மொத்தம் 5 குறைவு. தொடக்கத்தில் இருந்ததோ 3. எப்படிக் கலைத்தாலும் கடைசி டைல் வரை ஆட்டம் போகவே முடியாது! அதிர்ஷ்டத்தைத் திட்டிப் பயனில்லை. நான் அடைத்தே வெட்டியிருக்கிறேன்.

இரண்டாவது தொகுப்பில் முட்டுச்சந்தை 5 ஆக்கினேன். இரு வழி 9, முச்சந்தி 7, நாற்சந்தி 3. இப்போது 5 குறையும், 7-ம் 6-ம் கூடும். மொத்தம் 8 கூடுதல். தொடக்க 3-ஐச் சேர்த்தால் 11 வாய்கள். ‘அய்யோ, அவ்வளவு திறந்து கிடக்குமா’ என்றால், கிடக்காது. பாதைகள் சுற்றி வந்து ஒன்றையொன்று சந்திக்கும். புதிய டைல் ஒரே நேரத்தில் இரண்டு திறந்த வாய்களோடு சேர்ந்தால் வழக்கத்தைவிட இன்னும் இரண்டு வாய் குறையும். நாலு இடத்தில் இப்படிச் சுற்றுப்பாதை உருவானால் 11-ல் 8 போய் 3 மிஞ்சும். ஆட்டம் முழுக்க ஓடும், கடைசியில் கொஞ்சம் இறுக்கமாகவும் இருக்கும்.

சுருக்கு வழி வேண்டுமென்றால், எல்லா டைல்களின் வழிகளையும் கூட்டி டைல் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். என் முதல் தொகுப்பில் 43-ஐ 24-ஆல் வகுத்தால் 1.8-க்குக் கொஞ்சம் கீழே. இரண்டாவதில் 56-ஐ வகுத்தால் 2.3. சராசரி 2-க்குக் கீழே போனால் மலை அடைபடும். 3-ஐ நெருங்கினால் எல்லா இடத்திலிருந்தும் எல்லா இடத்துக்கும் போகலாம். அப்போதும் தேட எதுவும் இருக்காது, அது மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட்.

முட்டுச்சந்தே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். திரும்பி வர வேண்டியிருக்குமோ என்ற பயம் இல்லாவிட்டால் எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒன்றுதான். மலையிலும் அப்படித்தானே இருக்கிறது. மேல்மலையில் கிளாவரை வரை சாலை போகிறது, அங்கே முடிகிறது. பேரிஜம் ஏரி வழியாக மூணாறு பக்கம் போன பழைய சாலையில் இப்போது பொதுப் போக்குவரத்துக் கிடையாது. அதை ஒரு டைலாகவே வரைந்திருக்கிறேன். பாதை தொடர்ந்து போகிற மாதிரி இருக்கும், நடுவில் வனத்துறைக் கேட்.

மலைக்கு ஒரு இலக்கணம் இருக்கிறது

பாதை போக மீதி இடத்தில் என்ன வரைவது? முதலில் ஒரு டைல் முழுக்கச் சோலை, ஒரு டைல் முழுக்கப் புல்வெளி என்று நிரப்பினேன். பரப்பியதும் ஒட்டுப்போட்ட போர்வை மாதிரி இருந்தது. பழனி மலை அப்படி இல்லை.

மேல்மலைப் புல்வெளியில் நின்று பார்த்தால் தெரியும். சரிவுகளில் புல். இரண்டு சரிவுகள் சேரும் மடிப்பில் மட்டும் அடர்ந்த, குட்டையான, உருண்டை உருண்டையான மரங்கள். அதுதான் சோலை. ஈரம் தங்கும் மடிப்புகளில் சோலை நிற்கிறது. திறந்த சரிவில் காற்றும் உறைபனியும் தீயும் மரக்கன்றுகளை நிமிரவிடுவதில்லை, அங்கே புல் ஜெயிக்கிறது. ஓடைகள் புல்லிலும் சோலையிலும் ஊறிக் கிளம்பி மடிப்பு வழியே இறங்குகின்றன. எது எதன் பக்கத்தில் இருக்கும் என்று மலையே விதி எழுதி வைத்திருக்கிறது. டைல் வரைபவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆகவே டைலின் நடுவில் மடிப்பு, அதில் சோலை, ஓரங்களில் புல் என்று மாற்றினேன். சோலை விளிம்பைத் தொட்டால் அந்த விளிம்பில் ஓடையும் இருக்கும். இப்போது ஆடுபவருக்குத் துப்பு கிடைத்துவிட்டது: ஓடையைப் பிடித்துக்கொண்டு போனால் சோலை, சோலைக்குள் போனால் மிருகம் அல்லது அருவி. பத்து நிமிடம் ஆடியதும் பெரியவள் இந்த விதியை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டாள். விதிப்புத்தகத்தில் எழுதாமல் படத்திலேயே விதியைச் சொல்ல முடிந்தால் அதுதான் நல்ல டைல் என்பது என் கட்சி.

பைனும் யூகலிப்டஸும் வாட்டில் என்ற மரமும் மனிதர்கள் கொண்டுவந்து நட்டவை. அவற்றுக்கு இந்த இலக்கணம் தெரியாது. தோல் பதனிடப் பட்டைக்காகக் கொண்டுவந்த வாட்டில் இன்று புல்வெளிக்குள் தானாகப் பரவிக்கொண்டிருக்கிறது. அதனால் வாட்டில் டைலுக்கு மட்டும் தனி விதி வைத்தேன். அது எங்கே வேண்டுமானாலும் பொருந்தும். ஆனால் மூன்று சுற்றுக்கு ஒருமுறை பக்கத்துப் புல்வெளி டைல் ஒன்றைக் கவிழ்த்துவிடும். வசதியான டைல், பின்னால் வலிக்கும். குறிஞ்சியையும் விட மனமில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது, இங்கே 2006-லும் 2018-லும் பூத்தது. ஆட்டத்தில் பன்னிரண்டாவது சுற்றில் அதுவரை கவிழாமல் காப்பாற்றிய புல்வெளிகளுக்கெல்லாம் இரட்டைப் புள்ளி. அதற்கப்புறம் வாட்டிலைக் கண்டால் பிள்ளைகள் பதறுகிறார்கள்.

கீழ்மலை பை, மேல்மலை பை

டைல்களை எந்த வரிசையில் வெளியே விடுவது என்பதும் வடிவமைப்பின் பகுதிதான். எங்கள் விளையாட்டில் பேரிஜம் ஏரியைக் கண்டுபிடிப்பவருக்குப் பெரிய பரிசு. 24 டைல்களையும் ஒன்றாகக் குலுக்கினால் முதல் ஆறுக்குள்ளேயே பேரிஜம் வந்துவிட 24-ல் 6 வாய்ப்பு, அதாவது நாலு ஆட்டத்துக்கு ஒன்று தொடங்கியதுமே சப்பென்று போய்விடும்.

இதற்கு மருந்து, டைல்களைப் பிரித்து வைப்பது. டிகாலில் டைல்களின் பின்பக்கத்தில் எழுத்து இருக்கும், முதல் எழுத்துள்ளவை தீர்ந்தால்தான் அடுத்தவை வரும். எங்களுக்கு எழுத்துத் தேவைப்படவில்லை. இங்கே தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்தைக் கீழ்மலை என்றும், பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி பக்கத்தை மேல்மலை என்றும் காலங்காலமாகச் சொல்கிறோம். கீழே காப்பி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை. மேலே பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட். பத்து டைல் கீழ்மலை, பதினாலு மேல்மலை. இரண்டு மஞ்சப்பை. கீழ்மலைப் பை காலியானால்தான் மேல்மலைப் பையில் கை வைக்கலாம். பேரிஜத்தை முதலில் பையில் போடுவதில்லை. மேல்மலையில் ஆறு டைல் எடுத்தபின், மிச்சம் உள்ள ஏழோடு சேர்த்துப் போட்டுக் குலுக்குகிறோம். அப்போது அது 17-க்கும் 24-க்கும் நடுவில் எங்காவதுதான் வரும். எப்போது என்று தெரியாது, ஆனால் ரொம்ப முன்னால் வராது.

முட்டுச்சந்துகளையும் இதே மாதிரி பிரித்தேன். கீழ்மலையில் ஒன்றே ஒன்று, மேல்மலையில் நாலு. ஆட்டத்தின் தொடக்கத்தில் வழிகள் பெருக வேண்டும், முடிவில் குறுக வேண்டும்.

இப்போது டிகாலில் பிடித்த நுட்பம். அதில் டைல்களின் விளிம்பில் கற்கள் வரைந்திருக்கும். ஒரு டைலிலிருந்து அடுத்ததற்குப் போக, சேரும் இரண்டு விளிம்பிலும் உள்ள கற்களை எண்ணி தன் முறைக்குக் கிடைத்த செயல்புள்ளிகளில் அத்தனையைச் செலவழிக்க வேண்டும். இரண்டிலும் கல்லே இல்லையென்றால் அந்த வழியே போக முடியாது. எத்தனை தூரம் என்பதைப் பலகையே சொல்லிவிடுகிறது, அதுவும் விளிம்பில். நான் இதைச் சரிவுக்கு எடுத்துக்கொண்டேன். பாதை விளிம்பைத் தொடும் இடத்தில் சின்னப் படிக்கோடுகள். ஒரு கோடு என்றால் ஒரு அடி செலவு, இரண்டு என்றால் இரண்டு. பைக்குள் கை விடும்முன் எந்த வாயில் வைப்பது என்று ஆடுபவர் சொல்லிவிட வேண்டும். ஏற்றமான ஆனால் ஓடை தெரியும் வாயா, சமதளமான ஆனால் வெறும் புல் தெரியும் வாயா? இந்தத் தயக்கம்தான் தேடல். துப்பு ஏதும் இல்லாமல் கையை விட்டு எடுப்பது வெறும் குலுக்கல் சீட்டு. அதற்கு இத்தனை வெட்டி ஒட்ட வேண்டாம்.

அட்டை, பசை, அப்பளம்

செய்முறையில் சில விஷயங்கள் மட்டும். புத்தக பைண்டிங்குக்குப் பயன்படும் மில்போர்டு நல்லது, 2 மில்லிமீட்டர் கனம். கத்தரிக்கோல் வேண்டாம், கட்டரும் ஸ்டீல் ஸ்கேலும் வைத்து, அழுத்தாமல் நாலைந்து முறை இழுங்கள். படத்தை ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பசை காயும்போது அட்டை வளையும். கொடைக்கானல் ஈரத்தில் என் முதல் தொகுப்பு பொரித்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. பின்பக்கத்திலும் ஒரு தாளை ஒட்டிவிட்டால் இரண்டு பக்கமும் சமமாக இழுத்துச் சமமாக நிற்கும். ஒட்டியதும் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு ராத்திரி.

இரண்டாவது தொகுப்பைத் திண்டுக்கல்லில் ஒரு கடையில் ஸ்டிக்கர் தாளில் அச்சடித்தேன். இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்து அச்சாகியிருந்தது. முன்பக்கத்தில் பாதைகள் பக்கத்து டைலோடு சேரும் இடத்தில் படி மாதிரி விலகின. பின்பக்கத்தில் நான் போட்டிருந்த அழகான பார்டர் ஒவ்வொரு டைலிலும் ஒவ்வொரு விதமாக நகர்ந்து, எது எந்த டைல் என்று பிள்ளைகள் பார்த்தே சொன்னார்கள். கவிழ்த்து வைத்து என்ன பயன்? அதனால் பின்பக்கத்துக்குப் பார்டரே போடாதீர்கள், ஓரம் வரை ஒரே நிறம் போதும். முன்பக்கப் படத்தை வெட்டும் கோட்டுக்கு வெளியே இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டி வரையுங்கள். பாதையை ஒவ்வொரு பக்கத்தின் சரிநடுவில் கொண்டுபோய், விளிம்பருகே கொஞ்சம் அகலமாக வரைந்தால் சின்ன நகர்வு கண்ணில் படாது. மஞ்சப்பை யோசனையும் இந்தச் சங்கடத்தில் வந்ததுதான். பைக்குள் கை விட்டால் பின்பக்கம் தெரியாது.

நிறமும் கவனம். சோலைக்குக் கரும்பச்சை, புல்லுக்கு இளம்பச்சை என்று போட்டிருந்தேன். பகலில் சரி. ராத்திரி விளக்கடியில் அம்மாவுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது. சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்களும் உண்டு. நிறத்தோடு கோட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்: சோலைக்கு உருண்டைகள், புல்லுக்குச் சின்னக் கீற்றுகள், வாட்டிலுக்குக் குச்சிகள். கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்துப் பார்த்தாலும் எது எது என்று புரிய வேண்டும்.

முதல் தொகுப்புக்கு இவ்வளவும் தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகையும் பென்சிலும் போதும். அழகாகச் செய்துவிட்டால் மாற்ற மனசு வராது. தனியாகவே நாலைந்து ஆட்டம் ஆடி, ஒவ்வொரு டைலுக்கும் பிறகு எத்தனை வாய் திறந்திருக்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். அந்த எண்வரிசை ஏறி இறங்கினால் சரி. சரசரவென்று இறங்கினால் எங்கே வெட்ட வேண்டும், எதைச் சேர்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

நாலு டைல்களை வெறுமையாக விட்டு வையுங்கள், பின்பக்கம் மட்டும் மற்றவை மாதிரியே. ஆடுபவர்களுக்கு யோசனை வரும். எங்கள் வெற்று டைல் ஒன்றில் பெரியவள் வெள்ளகவியை வரைந்திருக்கிறாள். கொடைக்கானலிலிருந்து காட்டுவழியாகக் கால்நடையாகவே போய்வந்த ஊர், ஊருக்குள் செருப்புப் போட மாட்டார்கள். அவள் வரைந்த பாதை விளிம்பில் ஜீப் அகலத்தில் தொடங்கி நடுவில் ஒற்றையடிப் பாதையாக மெலிகிறது. ஜீப்பை முந்தின டைலிலேயே நிறுத்திவிட்டு நடந்து போக வேண்டும், ஊருக்கு முன்னால் செருப்பைக் கழற்றி வைக்க வேண்டும், திரும்பும்போது மறந்துவிட்டால் ஒரு சுற்று வீண் என்று விதியும் எழுதிவிட்டாள். செருப்புக்கு இன்னும் காய் செய்யவில்லை.